விபத்துப் பதிவேட்டோடு நின்றுபோகும் காயங்கள்: நம் கரையில் யார் யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும்?

கரையோரச் செவிலி
மார்ச் 2, இரவு 9.15

வணக்கம். இராமநாதபுரம் கடலோரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

அடிபட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், ஏ.ஆர். என்று நாங்கள் சொல்லும் விபத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் நிரப்புகிறோம். பெயர், வயது, கூட்டி வந்தவர், நேரம், எங்கே அடிபட்டது, எப்படி, என்ன காயம். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்கும். காப்பீடு என்றால் குடும்பத்தார் நகல் கேட்டு வருவார்கள். அதோடு அந்தப் பக்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. இதே காயம் அடுத்தவருக்கு வராமல் தடுப்பதற்காக அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

நான் புரட்டிப் பார்த்தேன். பெயர்களை விட்டுவிட்டு 'எங்கே', 'எப்படி' என்ற இரண்டு கட்டங்களை மட்டும் படித்துக்கொண்டே போனேன். ஒரே தெரு திரும்பத் திரும்ப வந்தது. தொடை எலும்பு முறிந்த ஒரு பாட்டி. மணிக்கட்டு முறிந்த ஒரு கர்ப்பிணி. முகவாய் கிழிந்த ஒரு பள்ளிச் சிறுமி. நடக்கத் தொடங்கியிருந்த ஒரு குழந்தை, மூச்சில்லாமல். வெவ்வேறு மாதங்கள், வெவ்வேறு பணிநேரம், வெவ்வேறு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் காரணம் குழாய்க்குழி.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் அழுத்தம் போதாமல், தரைக்கு மேல் தண்ணீர் ஏறாத தெருக்கள் இருக்கின்றன. வாசலில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிக்கிறோம். மூடி என்று ஒன்று இருந்தால் அது பழைய தகரமோ உடைந்த பலகையோதான். தண்ணீர் விடுவது பெரும்பாலும் இருட்டு நேரத்தில். நிறைகுடத்தைக் குனிந்து தூக்கும்போது ஈர விளிம்பில் கால் வழுக்குகிறது. மழைக்காலத்தில் குழி நிரம்பி நிற்கிறது.

எலும்பு மருத்துவர் கம்பி வைத்து அனுப்பலாம். ஆனால் குழியை மூடும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டுவது குடிநீர் வாரியத்தின் வேலை. எந்த வீட்டில் குழந்தை தவழ்கிறது என்று அறிந்தவர் அங்கன்வாடி ஊழியர். யார் யார் விழுந்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது. இந்த நால்வரும் ஒரு மேசையில் கூடியதே இல்லை.

என் யோசனை இதுதான். மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டிலிருந்து பெயர் இல்லாமல் இடம், நேரம், விதம், வயது ஆகியவற்றை மட்டும் எடுத்து, அந்த இடத்தைச் சரிசெய்யக் கூடியவர்கள் முன்னால் வைக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரே இடத்தில், ஒரே விதமாக மறுபடி மறுபடி நடப்பது எது? எழுதுங்கள். தொகுத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

உச்சிப்புளி
மார்ச் 2, இரவு 10.02

சகோதரி, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனாலும் எனக்கு வேறு கருத்து. மண்டபம் சாலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தலைக்கவசம் கிடையாது, ஒரு வண்டியில் மூன்று பேர், மாலையானால் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள். துறைகளைக் கூட்டிப் பேசினால் இவர்கள் மாறிவிடுவார்களா? வண்டி ஓட்டுகிறவனுக்குப் பொறுப்பு வர வேண்டும், அபராதம் உறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கூட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வல்லம்
மார்ச் 2, இரவு 11.30

பாம்பன் நாட்டுப்படகுக்காரன் எழுதுகிறேன். அக்கா, உங்கள் பதிவேட்டில் கடலே இருக்காது. எங்களுக்கு ஏற்படும் காயத்தில் பாதி மருத்துவமனைக்கு வருவதில்லை. நாளை எழுதுகிறேன், இப்போது கடலுக்குக் கிளம்புகிறேன்.

சமூக மருத்துவம்
மார்ச் 3, காலை 7.40

மருத்துவப் பட்ட மேற்படிப்பு மாணவன். சொந்த ஊர் தேவிபட்டினம்.

உச்சிப்புளி அண்ணன் சொல்லும் பொறுப்பை நான் மறுக்கவில்லை. சரியாக அணிந்த தலைக்கவசம் இருசக்கர வாகனத்தில் செல்பவர் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். ஆகவே அபராதமும் வேண்டும்.

ஆனால் தனி மனிதனைத் திருத்துவதோடு நின்றுவிட்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காயங்களைத் தடுப்பது பற்றி ஆராயும் துறை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது. 1966-இல் அமெரிக்கா நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் வில்லியம் ஹேடன் என்ற பொதுச் சுகாதார மருத்துவர். அவர் ஒரு காயத்தை மூன்று வேளைகளாகப் பிரித்தார்: நடப்பதற்கு முன், நடக்கும் நொடி, நடந்த பின். ஒவ்வொரு வேளையிலும் மனிதர், கருவி, சுற்றுப்புறம் என மூன்றையும் தனித்தனியாக விசாரிக்கச் சொன்னார். ஒன்பது கட்டங்கள் வரும். நாம் எப்போதும் ஒரே கட்டத்தில், அதாவது 'நடப்பதற்கு முன், மனிதர்' என்ற கட்டத்தில் நின்றுகொண்டு, அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். மற்ற எட்டும் காலியாகக் கிடக்கின்றன.

குழாய்க்குழியை அதில் வைத்துப் பாருங்கள். பாட்டிக்கு 'பார்த்துக் குனியுங்கள்' என்று சொல்வது ஒரு கட்டம். குழிக்கு மூடி, விளிம்புக்குச் சொரசொரப்பான கல், தெருவிளக்கு, தண்ணீர் விடும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுவது, அழுத்தத்தைக் கூட்டிக் குழியையே இல்லாமல் செய்வது, விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று தெருவுக்கு இருவருக்காவது கற்றுக்கொடுப்பது: இவையெல்லாம் மற்ற கட்டங்கள். இதில் எதற்குமே பாட்டியின் கவனம் தேவையில்லை.

அக்கா கேட்டது போன்ற முயற்சிக்கு முன்னுதாரணம் உண்டு. நார்வேயின் வடகரையில் ஹார்ஸ்டாட் என்று ஒரு சிறு துறைமுக நகர். 1985 முதல் அங்குள்ள மருத்துவமனையில் வரும் காயங்களை எங்கே, எப்படி என்று பதிந்து, அதை ஊராரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளின் தீக்காயங்களும் வெந்நீர்க் காயங்களும் எந்த வழியில் வருகின்றன என்று அதில் தெரிந்தது. அடுப்புக்குத் தடுப்பு வைப்பது, குழாயில் வரும் வெந்நீரின் சூட்டைக் குறைப்பது என்று வீடு வீடாக வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் சிறு குழந்தைகளின் தீக்காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. பதிவேடு ஊருக்குள் போனது, அவ்வளவுதான்.

வல்லம்
மார்ச் 3, மாலை 5.20

இப்போது கடல் பக்கம் வருகிறேன்.

எங்கள் படகில் இயந்திரத்திலிருந்து சுழல்விசிறிக்குப் போகும் தண்டு திறந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். கைலி கட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம். கைலி முனை சிக்கினால் ஆளை இழுத்துவிடும். விசைப்படகில் வடம் சுற்றும் இயந்திரமான வின்ச். இழுவைமடி வலையைத் தூக்கும்போது வடக்கம்பி உருளையில் ஏறுகிற இடத்தில் விரல் போகிறது. இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு வேலை பார்த்த பெரியவர்களின் கையைப் பாருங்கள், யார் எந்த விரலைக் கொடுத்தார் என்று தெரியும். தண்டுக்கு மேல் ஒரு மரப்பெட்டி போட்டால் தீர்ந்துவிடும். படகு கட்டும் தச்சரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். கேட்பவர் இல்லை, கேட்க வேண்டும் என்று சொல்பவரும் இல்லை.

லைஃப் ஜாக்கெட் பற்றி அதிகாரிகள் வரும்போதெல்லாம் பேசுகிறார்கள். கொடுத்தும் இருக்கிறார்கள். படகில் அது தலையணையாக இருக்கிறது. காரணம் சோம்பல் இல்லை. வலை இழுக்கும்போது கை முன்னால் வர வேண்டும், அந்தத் தடித்த ஜாக்கெட் தடுக்கிறது. வெயிலில் உடம்பு வேகிறது. இடுப்பில் பட்டை மாதிரி கட்டிக்கொண்டு, தண்ணீரில் விழுந்தால் காற்று நிரம்பும் வகை இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். வாங்குவதற்கு முன்னால் எங்களில் நாலு பேரை ஒரு இரவு வலைக்குக் கட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டிருந்தால் எந்த வகை வேண்டும் என்று சொல்லியிருப்போம்.

இன்னொன்று பாம்பன் பாலம். மீன் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீரும் மீன் கழிவும் வழிந்துகொண்டே பாலத்தில் போகிறது. பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவன் சறுக்குகிறான். உச்சிப்புளி அண்ணே, இதில் ஓட்டுகிறவன் தலைக்கவசம் போட்டிருந்தால் உயிர் பிழைப்பான், சரி. சறுக்காமல் இருக்க அவன் என்ன செய்ய முடியும்? லாரிக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி வைக்கச் சொல்ல வேண்டியது யார்?

உச்சிப்புளி
மார்ச் 3, இரவு 8.10

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. பாலத்து வழுக்கலை நானும் அறிவேன். லாரி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். குடிபோதை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

உங்கள் பட்டியலுக்கு ஒன்று: எங்கள் பக்கம் கிளைச்சாலை நெடுஞ்சாலையில் ஏறும் வளைவுகளில் சீமைக்கருவேலம் தார் விளிம்பு வரை வந்து நிற்கிறது. வருகிற வண்டி தெரியாது. வெட்டினால் ஒரு மழைக்கு மறுபடி வளர்ந்துவிடுகிறது.

சாலைப் பொறியாளர் ஓய்வு
மார்ச் 4, காலை 6.30

நெடுஞ்சாலைப் பணியில் பல மாவட்டங்களில் இருந்தவன். ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால் அது கரும்புள்ளி. அதற்குப் பிறகுதான் அந்த இடத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவது எளிது. அதாவது, பிணங்கள் விழுந்து கணக்குச் சேரும் வரை சாலை காத்திருக்கிறது. கணக்கும் காவல்துறையின் வழக்குப் பதிவிலிருந்து எடுப்பது. சறுக்கி விழுந்து, கை முறிந்து, வழக்கே பதியாமல் வீட்டுக்குப் போன இருபது பேர் அந்தக் கணக்கில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் வந்த பிறகு காவலர் கைபேசியிலேயே இடத்தோடு பதிகிறார். நல்ல முன்னேற்றம். அதுவும் காவலருக்குத் தெரிய வந்த விபத்துக்குத்தான்.

மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த இருபது பேரும் இருக்கிறார்கள். அம்மா செய்ய நினைக்கும் காரியத்தின் அருமை அங்கேதான் இருக்கிறது. ஆள் சாவதற்கு முன்னாலேயே அந்த இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதிகாரியாக இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். 'இங்கே விபத்துகள் அதிகம், ஆவன செய்க' என்று வரும் மனுவைக் கோப்பில் வைத்துவிடலாம். 'இந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவே, இரவு ஏழு முதல் ஒன்பதுக்குள், இத்தனை பேர் இப்படி விழுந்தார்கள்' என்று மருத்துவ அலுவலர் கையெழுத்தோடு வந்தால் அதற்குப் பதில் எழுதாமல் யாரும் தப்ப முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தத் தாளைச் சேர்க்கச் சொல்லுங்கள். யாருடைய சாலை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, ஊராட்சிச் சாலை. தவறான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வரவே மாதக்கணக்காகும்.

ஊர்க்காரர்கள் தாங்களாகவே போடும் வேகத்தடையை நிறுத்துங்கள். உரிய உயரமும் அகலமும் இல்லாமல், வெள்ளைப் பட்டையும் இல்லாமல், இருட்டில் ஒன்று. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்கள்தான் தூக்கி எறியப்படுகிறார்கள்.

சின்னப்பாலம்
மார்ச் 4, பிற்பகல் 2.45

என் அம்மாவும் பெரியம்மாவும் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். நான் கல்லூரியில் படிக்கிறேன். பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாறை விளிம்பு விரலைக் கிழிக்கும் என்று துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முங்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய விரலில் வெட்டு ஆறுவதே இல்லை. கடல்முள்ளி மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், தெரியாமல் மிதித்தால் வாலால் அடிக்கும். பெரியம்மாவுக்குக் கணுக்காலில் அடித்தபோது வலியில் கத்தக்கூட முடியவில்லை. கரைக்கு வந்ததும் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், யாரோ சுண்ணாம்பு வைத்தார்கள். அக்கா, உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

கரையோரச் செவிலி
மார்ச் 4, இரவு 9.50

தங்கச்சி, முதலில் பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

திருக்கை, கெளுத்தி போன்ற மீன்களின் முள்ளில் இருக்கும் நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும் புரதம். முள் குத்திய கையையோ காலையோ, பொறுக்கக்கூடிய சூடான தண்ணீரில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வலி கண்ணெதிரே குறையும். சூட்டைப் பார்க்கும்போது அடிபடாத கையை விட்டுப் பார்க்க வேண்டும். நஞ்சேறிய காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. அதை வைத்துப் பார்த்தால் தோல் வெந்துவிடும். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் புண்ணைத்தான் பெரிதாக்கும். பிறகு மருத்துவமனைக்கு வந்து உள்ளே முள் இருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டுவர வேண்டும்.

படகில் தேநீருக்கு ஃபிளாஸ்க் கொண்டுபோகிறீர்கள் அல்லவா? கூடவே வெந்நீருக்கும் ஒன்று போகட்டும்.

கடல் பாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. கடல் பாம்புக்கு அது பொருந்தாது. வலையிலிருந்து எடுத்து வீசும்போது கடித்துவிட்டால் வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. அதனால் வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் வலித்து, இமை சரிந்து, சிறுநீர் கறுத்துவிடும். மூச்சுக்கருவியும் சிறுநீரக சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போனால்தான் காப்பாற்ற முடியும். கடித்த பிறகு இப்படி ஓடுவதைவிட, வலையைப் பிரிக்கும்போது தடித்த கையுறை போடுவது எளிது.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அந்த அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு கடியையும் எண்ணத் தொடங்கிவிட்டோம். குழந்தைகள் மூழ்குவதையும் முதியவர்கள் விழுவதையும் அப்படி எண்ண முடியாதா?

பனங்காடு
மார்ச் 5, காலை 5.55

சாயல்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியர். அப்பா பனையேறி.

பதநீர்ப் பருவம் தொடங்கிவிட்டது. காலையும் மாலையும் ஏறுவார்கள். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. இவற்றைத் தவிர மனிதனைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்து திண்ணையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்களுக்காவது நிவாரணத் தொகை என்று நாலு பேர் அலைகிறார்கள். படுத்தவர்களைப் பற்றி வீட்டுப் பெண்களைத் தவிர யாருக்கும் நினைவில்லை. மலம், சிறுநீர், படுக்கைப்புண், எல்லாம் அந்தப் பெண்களின் கையில்.

விழுந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் கைகளைப் பிடிப்பார், ஒருவர் கால்களை. நடுவில் உடம்பு வளைந்து தொங்கும். அப்படியே ஆட்டோவின் பின்சீட்டில் மடித்து உட்கார வைப்பார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தாலும் தண்டுவடம் தப்பியிருக்கக்கூடிய ஆள், அந்த மடிப்பில் கால்களின் இயக்கத்தை இழக்கிறார். சமூக மருத்துவம் தம்பி சொன்ன 'நடந்த பின்' என்ற கட்டம் இதுதானே? மரத்தடியில் ஒரு கதவுப்பலகை போதும். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நால்வர் சேர்ந்து உருட்டிப் பலகையில் ஏற்றி, 108 வரும் வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி செய்து காட்டியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் போய்ச் செய்து காட்டுகிறார்கள்.

தென்னைக்கு வந்த ஏறும் கருவி பனைக்கு ஒத்துவரவில்லை என்று அப்பா சொல்கிறார். மேலே வட்டில் உட்கார்ந்து பாளை சீவும் நேரத்துக்காவது தனியாக ஒரு கயிறு இடுப்பையும் மரத்தையும் பிணைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏறி இறங்கும் வேகத்தைக் கெடுக்காமல் அதை எப்படிச் செய்வது என்று பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் பனையேறியோடு உட்கார்ந்து யோசிக்கட்டும்.

கீழக்கரையான்
மார்ச் 5, மாலை 6.40

எல்லோருக்கும் ஸலாம். நல்ல பேச்சு. ஒரு பயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் அடிபட்டதை எழுதினாலே காவல்துறை வரும் என்று நம் மக்கள் அஞ்சுகிறார்கள். அதனால் பொய் சொல்கிறார்கள். கணவன் அடித்த பெண் 'படியில் விழுந்தேன்' என்கிறாள். கடலில் அடிபட்டவர் எந்த இடத்தில் என்று சொல்லத் தயங்குகிறார். சாலையில் கிடந்தவரைத் தூக்கி வந்தவர் பெயர் சொல்லாமல் நழுவுகிறார். இந்தப் பொய்களைத் தொகுத்து என்ன காணப் போகிறீர்கள்? பெயரை நீக்கிவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். சின்ன ஊரில் தெருவும் வயதும் போதும், ஆள் தெரிந்துவிடும்.

சமூக மருத்துவம்
மார்ச் 5, இரவு 10.25

காக்கா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது.

தூக்கி வருகிறவரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. இதை ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணமும் கேட்பதில்லை.

அடிதடிக் காயங்களுக்கு வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரின் அனுபவம் உதவும். முகக் காயங்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த ஜோனதன் ஷெப்பர்டு, தன்னிடம் வருகிற பலரின் காயம் காவல்துறைக்குத் தெரியவே தெரியாது என்று கண்டார். அவசரப் பிரிவின் வரவேற்பாளர் இடம், நேரம், எதனால் அடித்தார்கள் என்பவற்றை மட்டும் கேட்டு எழுதினார். அடையாளம் நீக்கிய தொகுப்பு காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போனது. காவலர்கள் ரோந்து செல்லும் தெருவும் நேரமும் மாறின. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு அடிபடுகிறவர்கள், ஒப்பான மற்ற நகரங்களைவிடக் கணிசமாகக் குறைந்தார்கள். அடையாளம் இல்லாத அந்தத் தொகுப்பை வைத்து அடிபட்டவர் யார் என்று தேட முடியாது.

சிறு ஊர் என்ற அச்சத்துக்கு என் பதில்: வீட்டுக்குள் நடந்ததைத் தெருவோடு வெளியிடக் கூடாது. அதை ஊராட்சி ஒன்றிய அளவில் மட்டும் எண்ணிக்கையாகக் காட்டலாம். குழி, பாலம், வளைவு, படகு போன்ற பொது இடங்களுக்கு மட்டும் துல்லியமான இடம் வேண்டும்.

கீழக்கரையான்
மார்ச் 6, காலை 8.00

இப்படிப் பிரித்தால் ஏற்கலாம். ஜமாஅத்தில் பேசுகிறேன். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பங்குத்தந்தையரிடம் யாராவது பேசுங்கள். பாம்பனில் கடல் ஓசை பண்பலை இருக்கிறது, மீனவர்கள் கேட்பது. வெந்நீர் விஷயத்தை முதலில் அதில் சொல்லச் சொல்லுங்கள்.

நெறியாளர்
மார்ச் 6, காலை 9.10

குறிப்பிட்ட மருத்துவமனையையும் அதிகாரியையும் பெயர் சொல்லிக் குறைகூறிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். இடத்தையும் விதத்தையும் எழுதுங்கள், ஆளை வேண்டாம்.

சின்னப்பாலம்
மார்ச் 6, இரவு 7.30

அம்மாக்கள் பாசிக்கும் மீன் ஏலத்துக்கும் போகும் காலை வேளையில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது ஏழெட்டு வயது அக்காமார்தான். கரை இருபதடி தூரத்தில். எனக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

சமூக மருத்துவம்
மார்ச் 6, இரவு 11.05

உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுவதும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். வங்கதேசத்துக் கிராமங்களில் ஆராய்ந்தபோது, தாய் வேலையில் இருக்கும் காலை 9 மணி முதல் நண்பகல் தாண்டும் வரைதான் சிறு குழந்தைகள் அதிகம் மூழ்குகிறார்கள் என்று தெரிந்தது. அந்த நேரத்துக்கு ஊர்ப் பெண் ஒருவர் பொறுப்பில் 'ஆஞ்சல்' என்ற காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே வரும் குழந்தைகளிடையே மூழ்கும் மரணம் பெருமளவு குறைந்தது. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. அது திறக்கும் நேரமும் பாசிக்குப் போகும் நேரமும் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இதைக் கடலோர ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம்.

கரையோரச் செவிலி
மார்ச் 9, இரவு 8.20

எங்கள் மருத்துவ அலுவலரிடம் பேசினேன். பெயர் நீக்கிய மாதத் தொகுப்புக்கு மேலிடத்தில் எழுத்து அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். கட்டங்கள் ஆறு: இடம், நேரம், வயது, பால், என்ன செய்துகொண்டிருந்தார், எதனால் அடிபட்டது. இதற்கு மேல் ஒரு கட்டம் கூட்டினாலும் இரவுப் பணியில் இருக்கிறவர் நிரப்ப மாட்டார். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன்வளத்துறை ஆய்வு செய்யும் காலம் அது. வின்ச், தண்டு மூடி இரண்டையும் அந்த ஆய்வோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வல்லம் தம்பி, நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பது தெரியும். இந்தத் துறைகளை ஒரே மேசைக்கு அழைக்கும் கூட்டத்துக்கு உங்கள் சங்கத்திலிருந்து இருவராவது வர வேண்டும். ஜாக்கெட் பற்றி இங்கே எழுதியதை அங்கே நேரில் சொல்லுங்கள்.

வல்லம்
மார்ச் 9, இரவு 9.00

வருகிறோம் அக்கா. தச்சரையும் கூட்டி வருகிறேன். பெட்டிக்கு என்ன செலவு ஆகும் என்று அவரே சொல்லட்டும். கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள், கடலிலிருந்து வந்து தூங்கும் நேரம்.

தொண்டிக்கரை
மார்ச் 10, காலை 10.15

வடகடல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இராமேஸ்வரம், பாம்பன் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே இறால் பண்ணைகளில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களுக்கு மின்கம்பி தண்ணீருக்கு மேலேயே போகிறது. உப்புக்காற்றில் கம்பியின் உறை வெடித்துப்போகும். ஈர உடம்போடு இறங்கி வேலை செய்கிற இளைஞர்கள் மின்சாரம் தாக்கி விழுகிறார்கள். கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியருக்கே வேலை செய்வது, கடையில் கிடைக்கிறது. பண்ணைக்காரர் சிலர் வைத்திருக்கிறார்கள், பலர் வைக்கவில்லை. உங்கள் மேசையில் மின்வாரியம் இருக்கிறதா?

கரையோரச் செவிலி
மார்ச் 10, பிற்பகல் 1.30

இல்லை, இருக்க வேண்டும். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளரையும் மீன்வளத்துறையில் இறால் பண்ணைகளைக் கவனிப்பவரையும் அழைப்புப் பட்டியலில் சேர்க்கிறேன். மின்சாரம் தாக்கியவர்கள் உங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள் அண்ணே. அங்கே பதிவேடு எழுதுகிற செவிலியரோடு பேசுகிறேன்.